புரோகிராமில் கமெண்ட்: எதை எழுதுவது, எதை விடுவது?



மைக்ரோபிராசசர் லேப் ரெக்கார்டு நோட்டில் ஐந்து கட்டம் போட்டு எழுதுவோம். முகவரி, ஆப்கோடு, லேபிள், நிமோனிக்ஸ், கடைசியில் கமெண்ட்ஸ். அந்தக் கடைசிக் கட்டத்தில் நாம் எழுதுவது என்ன? ‘மூவ் ஏ, பி’ என்ற கட்டளைக்கு எதிரே ‘பி-யில் உள்ளதை ஏ-க்கு நகர்த்து’. ‘ஹால்ட்’ என்பதற்கு எதிரே ‘நிறுத்து’. கட்டம் நிரம்பிவிடும், சார் கையெழுத்துப் போட்டுவிடுவார், வேலை முடிந்தது. பிறகு சி லேபுக்கும் பைத்தான் லேபுக்கும் போகிறோம். அங்கே கட்டம் கிடையாது. எனவே கமெண்டும் கிடையாது. “புரோகிராம் ஓடுது இல்ல, அப்புறம் எதுக்கு கமெண்ட்?” என்று கேட்காத மாணவர் நம்மில் யாரும் இருக்க முடியாது.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஒரு கட்டளை தான் என்ன செய்கிறது என்பதைத் தானே சொல்லிவிடும். அது ஏன் அங்கே இருக்கிறது என்பதை மட்டும் எழுதியவர்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்லாமல் போய்விட்டால், பின்னால் வருபவர் அதற்கு விலை கொடுக்கிறார். சில சமயம் அந்த விலை சில நூறு ரூபாய். சில சமயம் ஒரு ராக்கெட்.

கமெண்ட் வந்த வழி

கமெண்ட் என்பது கணிப்பொறிக்காக எழுதுவது அல்ல, மனிதருக்காக எழுதுவது. இந்த வசதி இன்று நேற்று வந்ததில்லை. 1957-இல் ஐபிஎம் நிறுவனம் ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டபோது புரோகிராமை அட்டைகளில் துளையிட்டு எழுதினார்கள். ஓர் அட்டைக்கு 80 பத்தி. முதல் பத்தியில் ‘சி’ என்ற எழுத்து இருந்தால் அந்த அட்டை முழுவதும் கமெண்ட். கோபாலில் ஏழாவது பத்தியில் ஒரு நட்சத்திரக் குறி. 1964-இல் டார்ட்மத் கல்லூரியில் கெமனி, கர்ட்ஸ் என்ற இரு பேராசிரியர்கள் மாணவர்களுக்காக உருவாக்கிய பேசிக் மொழியில் ‘ரெம்’ என்ற சொல். சி மொழியில் /* என்று தொடங்கி */ என்று முடிப்போம். // என்ற இரட்டைக் கோடு பிசிபிஎல் மொழியிலிருந்து சி பிளஸ் பிளஸ் வழியாக வந்து, 1999-ஆம் ஆண்டின் சி தரத்தில் சேர்ந்தது. பைத்தானில் # குறி. எஸ்கியூஎல், அடா இரண்டிலும் -- குறி.

குறி மாறினாலும் வேலை ஒன்றுதான். சி கம்பைலர் ஒவ்வொரு கமெண்டையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓர் இடைவெளியை மட்டும் வைத்துக்கொள்கிறது. நீங்கள் நாலு பக்கம் கமெண்ட் எழுதினாலும் கடைசியில் ஓடும் ஃபைல் ஒரு பைட்டுகூடப் பெரிதாகாது, ஒரு நொடிகூட மெதுவாகாது. பழைய பேசிக் இன்டர்பிரெட்டர்களில் மட்டும் ‘ரெம்’ வரிகளும் நினைவகத்தில் இடம் பிடித்தன. அதனால் சிறிய நினைவகம் கொண்ட அந்தக் காலக் கணிப்பொறிகளில் கமெண்டை அழித்துச் சிக்கனம் பிடித்தார்கள். இன்று நமக்கு அந்தச் சாக்கு இல்லை.

மெஸ் பில்லும் ஒரு மைனஸ் ஒன்றும்

எங்கள் குழுவுக்கு இறுதியாண்டு புராஜெக்டாக, ஹாஸ்டல் மெஸ் பில் போடும் புரோகிராமை விரிவாக்கும் வேலை வந்தது. முன்பு இருந்த பேட்ச் அண்ணன்கள் எழுதியது. கணக்குச் சரியாக வந்துகொண்டிருந்தது. ஆனால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரு கமெண்ட் கிடையாது. நடுவில் இப்படி ஒரு வரி:

கழிவு = விடுப்பு - 1;

ஒருவன் மூன்று நாள் ஊருக்குப் போனால் அவனுக்கு இரண்டு நாள்தான் கழிவு. ஏன்? குழுவில் ஒரு நண்பன் பார்த்த உடனே சொன்னான்: “இது அண்ணன் விட்ட தப்புடா. எண்ணிக்கையில ஒண்ணு குறையறது எல்லாரும் பண்றதுதான். மைனஸ் ஒண்ணைத் தூக்கிடலாம்.” அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அர்ரேயை 0-வில் தொடங்குவதா 1-இல் தொடங்குவதா என்ற குழப்பத்தில் ஒன்று கூடுவதும் குறைவதும் எல்லா லேபிலும் நடப்பதுதான். எழுதிய அண்ணன் படிப்பை முடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். பழைய போன் நம்பரும் வேலை செய்யவில்லை.

வரியைத் தொடுவதற்கு முன்னால் மெஸ் கணக்கு எழுதும் அண்ணாச்சியிடம் கேட்போம் என்று முடிவு செய்தோம். அவர் கணிப்பொறிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “தம்பி, நாளைக்குப் பொங்குற அரிசியை இன்னிக்கு சாயங்காலமே ஸ்டோர்ல இருந்து எடுத்தாச்சு. நீ காலைல பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டா அந்த அரிசிக்கு யாரு காசு குடுப்பா? அதான் முதல் நாளுக்குக் கழிவு கிடையாது” என்றார்.

விஷயம் அவ்வளவுதான். காரணம் புரோகிராமில் இல்லை, சமையல்கட்டில் இருந்தது.

அந்த வரியை எடுத்திருந்தால் என்ன ஆகும்? டிவைடிங் சிஸ்டம் மெஸ்ஸில் மாதச் செலவை மொத்தச் சாப்பாட்டு நாட்களால் வகுத்து ஒரு நாள் விலை போடுவார்கள். கணக்குக்கு எளிதாக எண்களை வைத்துக்கொள்வோம். 200 மாணவர்கள், 30 நாள், ஆக 6,000 நாள். அந்த மாதம் 400 தடவை யாராவது ஊருக்குப் போனார்கள், மொத்தம் 1,000 நாள் விடுப்பு. தடவைக்கு ஒரு நாள் குறைத்தால் கழிவு 600 நாள். மீதம் 5,400 நாள். செலவு 5,40,000 ரூபாய் என்றால் ஒரு நாள் விலை 100 ரூபாய். மைனஸ் ஒன்றை எடுத்துவிட்டால் கழிவு 1,000 நாள், மீதம் 5,000 நாள், ஒரு நாள் விலை 108 ரூபாய். மாதம் முழுக்க ஹாஸ்டலிலேயே இருந்தவனுக்கு 3,000 ரூபாய்க்குப் பதில் 3,240 ரூபாய் பில்.

ஊருக்குப் போகாமல் ஹாஸ்டலிலேயே இருப்பவன் யார்? வாராவாரம் பஸ் சார்ஜ் கொடுக்க முடியாதவன்தான். ஒரு வரிக் கமெண்ட் இல்லாததால் அவன் தலையில் 240 ரூபாய் விழுந்திருக்கும். புரோகிராமோ எந்தப் பிழையும் காட்டாமல் அழகாக ஓடியிருக்கும்.

இப்போது அந்த வரிக்கு இரண்டு விதமாகக் கமெண்ட் எழுதிப் பார்ப்போம்.

கழிவு = விடுப்பு - 1; /* விடுப்பிலிருந்து ஒன்றைக் கழிக்கிறோம் */

இது ரெக்கார்டு நோட்டுக் கமெண்ட். வரியில் இருப்பதையே திருப்பிச் சொல்கிறது. இதைப் படித்தாலும் என் நண்பன் மைனஸ் ஒன்றைத் தூக்கத்தான் சொல்லியிருப்பான்.

/* கிளம்பும் நாளின் அரிசி முந்தைய மாலையே ஸ்டோரிலிருந்து எடுக்கப்படும். எனவே முதல் நாளுக்குக் கழிவு இல்லை. மெஸ் விதி மாறினால் இதையும் மாற்றவும். */
கழிவு = விடுப்பு - 1;

இதைப் படித்தால் யாரும் தொட மாட்டார்கள். விதி மாறினால் எங்கே தொட வேண்டும் என்பதும் தெரியும்.

ஏரியான் 5

நம் மெஸ் பில்லில் நடக்க இருந்தது, ஐரோப்பிய விண்வெளித் திட்டத்தில் மிகப் பெரிய அளவில் நடந்தே விட்டது.

1996 ஜூன் 4. பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரு ஏவுதளம். ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணம். உள்ளே கிளஸ்டர் என்ற திட்டத்தின் நான்கு செயற்கைக்கோள்கள். கிளம்பிய 40 நொடிக்குள், சுமார் 3,700 மீட்டர் உயரத்தில், ராக்கெட் பாதை விலகி உடைந்து வெடித்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஜாக்-லூயி லியோன்ஸ் என்ற கணித அறிஞர் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தார்கள். ஜூலை மாதமே அறிக்கை வந்துவிட்டது. ராக்கெட் எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அளந்து சொல்லும் கருவிக்குள் ஒரு புரோகிராம். அடா மொழியில் எழுதியது. முந்தைய ஏரியான் 4 ராக்கெட்டில் நன்றாக ஓடியதை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். அதில் ஓர் இடத்தில் 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றுகிறார்கள். குறியுள்ள 16 பிட்டில் அதிகபட்சம் 32,767-தான் அடங்கும் என்பது நமக்கு முதல் செமஸ்டரிலேயே தெரியும். ஏரியான் 5 தொடக்கத்திலேயே பக்கவாட்டில் அதிக வேகம் எடுக்கும் ராக்கெட். எண் அந்த எல்லையைத் தாண்டியது. புரோகிராம் நின்றுவிட்டது. மாற்று ஏற்பாடாக வைத்திருந்த இரண்டாவது கருவியிலும் அதே புரோகிராம்தான். அதுவும் அதே காரணத்தால், சற்று முன்பே, நின்றுவிட்டது. கருவி கடைசியாக அனுப்பிய பிழைத் தகவலை முதன்மைக் கணிப்பொறி உண்மையான பயணத் தகவல் என்று எடுத்துக்கொண்டு எஞ்சின் முனைகளை முழுவதுமாகத் திருப்பியது. அதோடு முடிந்தது.

இதுவரை பலரும் வகுப்பில் கேட்ட கதை. நமக்கு வேண்டியது இதற்கு அடுத்த பகுதி. இப்படி எல்லை தாண்டக்கூடிய இடங்கள் அந்தப் புரோகிராமில் ஏழு இருப்பது எழுதியவர்களுக்குத் தெரியும். ஏழில் நான்குக்குப் பாதுகாப்பு போட்டிருந்தார்கள். மூன்றை விட்டுவிட்டார்கள். மறந்து விடவில்லை, யோசித்துத்தான் விட்டார்கள். அந்தக் கணிப்பொறியின் வேலைப்பளு 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இலக்கு. எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு போட்டால் பளு கூடும். மேலும் அந்த மூன்று எண்களும் எல்லையைத் தொடவே தொடாது என்று கணக்கிட்டிருந்தார்கள். ஏரியான் 4-க்கு அந்தக் கணக்கு சரிதான்.

இந்த முடிவுக்கான நியாயம் புரோகிராமுக்குள் நேரடியாக எங்குமே எழுதப்படவில்லை என்று விசாரணைக் குழு தன் அறிக்கையில் குறிப்பிட்டிருக்கிறது. கட்டுக்கட்டான ஆவணங்களுக்கு நடுவில், வெளியிலிருந்து சோதிப்பவர் கண்ணில் படாதபடி அது மறைந்து கிடந்தது. யாரும் வேண்டுமென்று மறைக்கவில்லை என்றும் குழு சொன்னது.

ஒரு கமெண்ட் இருந்திருந்தால் ராக்கெட் பிழைத்திருக்கும் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. புதிய ராக்கெட்டின் பாதையை வைத்து அந்தக் கருவியைச் சோதிக்காததும், வடிவமைப்பில் இருந்த குறைகளும் பெரிய காரணங்கள். ஆனாலும் இப்படி இரண்டு வரி அந்த இடத்தில் இருந்ததாக நினைத்துப் பாருங்கள்:

-- இங்கே பாதுகாப்பு போடவில்லை. ஏரியான் 4 பாதையில் இந்த எண் 32,767-ஐத் தாண்டாது.
-- ராக்கெட்டோ பாதையோ மாறினால் மீண்டும் கணக்கிடவும்.

புதிய ராக்கெட்டுக்காக அதை எடுத்துப் படித்தவர் யாராக இருந்தாலும் இரண்டாவது வரியில் ஒரு நிமிஷம் நின்றிருப்பார். அந்த ஒரு நிமிஷத்தைச் சம்பாதித்துக் கொடுப்பதுதான் கமெண்டின் வேலை.

அணைத்து வைத்த இரண்டு வரிகள்

கமெண்டை நாம் இன்னொரு வேலைக்கும் பயன்படுத்துகிறோம். ஒரு வரி தொந்தரவு தருகிறதா, அதன் முன்னும் பின்னும் கமெண்ட் குறியைப் போட்டு அணைத்து வைப்போம். “கமெண்ட் பண்ணிப் பாருடா, ஓடுதான்னு பார்ப்போம்” என்பது லேபில் தினமும் கேட்கும் வசனம். சோதித்துப் பார்க்க இது நல்ல வழிதான். அப்படியே விட்டுவிட்டால்தான் ஆபத்து.

ஓப்பன் எஸ்எஸ்எல் என்பது இணையத்தில் ரகசியமாகத் தகவல் அனுப்ப உதவும் புரோகிராம் தொகுப்பு. ரகசியச் சாவி உருவாக்க யாராலும் ஊகிக்க முடியாத எண்கள் வேண்டும். அந்த எண்களுக்கான மூலப்பொருளை ஒரு குளத்தில் சேர்ப்பது போலச் சேர்க்கும் வரி அதில் இரண்டு இடத்தில் ஒரே மாதிரி இருந்தது. பிழை தேடும் கருவிகள் அந்த வரிகளைப் பார்த்து, மதிப்பு கொடுக்காத நினைவகத்தைப் படிப்பதாக எச்சரிக்கை கொடுத்தன. ஓர் இடத்தில் மட்டும் ஒரு கமெண்ட் இருந்தது. அது ‘பியூரிஃபை குறை சொல்கிறது’ என்ற அளவில் நின்றது. பியூரிஃபை என்பது அப்படி ஒரு கருவி. அந்த வரி எதற்கு, எடுத்தால் என்ன ஆகும் என்று எதுவும் இல்லை. இன்னொரு இடத்தில் அந்தக் கமெண்ட்கூட இல்லை.

2006-இல் டெபியன் லினக்ஸுக்காக அந்தத் தொகுப்பைப் பராமரித்தவர், எச்சரிக்கையைப் போக்க இரண்டு வரிகளையும் கமெண்ட் குறிக்குள் போட்டு அணைத்தார். அவசரப்பட்டுச் செய்யவில்லை, முன்கூட்டியே விவரம் கேட்டுவிட்டுத்தான் செய்தார். எச்சரிக்கை நின்றது. எல்லாம் நன்றாக ஓடியது. ஆனால் ஓர் இடத்தில் அணைந்தது உயிரான வரி. அதன்பின் குளத்தில் சேர்ந்தது கணிப்பொறி ஒவ்வொரு புராசஸுக்கும் கொடுக்கும் எண் மட்டும்தான். அதில் சாத்தியமானவை 32,768. கோடானுகோடி சாவிகளில் ஒன்றைத் தேட வேண்டிய திருடனுக்கு முப்பத்தி இரண்டாயிரம் சாவிகள் கொண்ட ஒரு கொத்து போதும் என்று ஆகிவிட்டது. ஏறத்தாழ இரண்டு ஆண்டு கழித்து, 2008 மே மாதத்தில் இது வெளியே தெரிந்தது. டெபியனிலும் அதிலிருந்து பிறந்த உபுண்டுவிலும் அந்தக் காலத்தில் உருவாக்கிய சாவிகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று.

இதிலிருந்து நமக்கு இரண்டு பாடம். எடுக்கக் கூடாத வரி என்றால், எடுக்கக் கூடாது என்பதையும் ஏன் என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். ஒரு வரியை அணைத்தால், ஏன் அணைத்தோம், யாரிடம் கேட்டோம், எந்தத் தேதியில் என்று எழுத வேண்டும்.

பொய் சொல்லும் கமெண்ட்

கமெண்டை எழுதிவிட்டால் மட்டும் போதாது. கம்பைலர் கமெண்டைப் படிப்பதில்லை. எனவே அது தவறாக இருந்தாலும் யாரும் சொல்லப் போவதில்லை. ஒரு உதாரணம்:

/* 40 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி */
தேர்ச்சி = (மதிப்பெண் >= 50);

இதில் எது சரி? விதி 40-ஆ, 50-ஆ? யாரோ எண்ணை மாற்றிவிட்டுக் கமெண்டை மாற்றாமல் போயிருக்கிறார். அல்லது எண் தவறாக விழுந்துவிட்டது. படிப்பவருக்குத் தெரிய வழியே இல்லை. கமெண்டே இல்லாமல் இருந்தால்கூட விதிப் புத்தகத்தைத் தேடிப் போயிருப்பார். இப்போது தவறானதை நம்பிவிடுவார். கட்டளையை மாற்றினால் அதே கையோடு கமெண்டையும் மாற்றிவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் நடக்காது.

‘தற்காலிகம்’ என்று எழுதும் கமெண்டும் இப்படித்தான். 1969-இல் சந்திரனில் இறங்கிய அப்பல்லோ 11 கலத்தின் புரோகிராம் இன்று எல்லோரும் படிக்கும்படி வெளியாகியிருக்கிறது. இறங்கும் கணக்கைச் செய்யும் பகுதியில் ஒரு வரிக்கு எதிரே ‘தற்காலிகம்’ என்று போட்டு, ‘அப்படித்தான் நம்புகிறேன், நம்புகிறேன், நம்புகிறேன்’ என்ற பொருளில் எழுதியிருக்கிறார்கள். அந்தத் தற்காலிக வரி சந்திரன் வரை போய்விட்டது! அங்கே கெடுதல் ஒன்றும் ஆகவில்லை. நாம் ‘தற்காலிகம்’ என்று எழுதும்போது, எது நடந்தால் இதை எடுக்கலாம் என்பதையும் சேர்த்து எழுதினால் பின்னால் வருபவர் துணிந்து எடுப்பார்.

1975-இல் வெளியான யூனிக்ஸ் ஆறாம் பதிப்பில் இன்னொரு புகழ்பெற்ற கமெண்ட் உண்டு. ஒரு புராசஸை விட்டு இன்னொன்றுக்குத் தாவும் கடினமான இடத்தில், ‘இதை நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை’ என்று எழுதியிருந்தார்கள். பல ஆண்டுகள் கழித்து டென்னிஸ் ரிச்சி இதற்கு விளக்கம் கொடுத்தார். ‘இது பரீட்சைக்கு வராது’ என்ற தொனியில்தான் எழுதினோம், உண்மையில் அங்கே என்ன நடக்கிறது என்று எங்களுக்கே அப்போது சரியாகப் புரிந்திருக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். வேறு வகைக் கணிப்பொறிக்கு யூனிக்ஸை மாற்றும்போது அந்த முறை வேலை செய்யாமல் போய், மாற்றி எழுதினார்கள். சி மொழியைத் தந்தவருக்கே இந்த நிலை. ஒரு வரிக்குக் காரணம் எழுத நமக்கு வரவில்லை என்றால், அந்த வரி நமக்கே இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். எழுத உட்காரும்போதுதான் அது தெரிய வரும்.

சி மொழியில் மூன்று கண்ணிகள்

லேபில் நேரம் மிச்சமாக இவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: சி-யில் கமெண்டுக்குள் கமெண்ட் வைக்க முடியாது.

/* பழைய கணக்கு
கழிவு = 0; /* விடுப்பு இல்லை */
பில் = நாள் * விலை;
*/

முதலில் வரும் */ குறியிலேயே கமெண்ட் முடிந்துவிடும். மூன்றாவது வரி உயிரோடு இருக்கும். கடைசி */ பிழை காட்டும். ஒரு பகுதி முழுவதையும் அணைக்க வேண்டுமானால் #இஃப் 0, #எண்ட்இஃப் என்ற இரண்டு கட்டளைகளுக்கு நடுவில் வையுங்கள்.

இரண்டு: ‘பங்கு’ என்பது ஒரு பாயிண்டர் என்றால்,

விடை = தொகை/*பங்கு;

என்று நெருக்கி எழுதினால் வகுத்தல் குறியும் நட்சத்திரமும் சேர்ந்து கமெண்டைத் தொடங்கிவிடும். அடுத்த */ வரை எல்லாம் காணாமல் போகும். நடுவில் ஓர் இடைவெளி விட்டால் போதும்.

மூன்று: // கமெண்டின் கடைசி எழுத்து \ என்ற பின்சாய்வுக் கோடாக இருந்தால் அடுத்த வரியும் கமெண்டாகிவிடும். விண்டோஸ் ஃபோல்டர் பாதையைக் கமெண்டில் எழுதும்போது கவனம்.

தமிழில் எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். பைத்தான் 3 தன் ஃபைலை யூடிஎஃப்-8 முறையில்தான் படிக்கிறது. இன்றைய சி கம்பைலர்களும் கமெண்டில் தமிழ் இருந்தால் கோபித்துக்கொள்வதில்லை. டாஸ் காலத்து எடிட்டரில் மட்டும் எழுத்து தெரியாது. எந்த மொழி என்பதை, படிக்கப் போகிறவரை வைத்து முடிவு செய்யுங்கள். நம் ஜூனியர்கள் படிக்கப் போகிற புராஜெக்ட் என்றால், அரைகுறை ஆங்கிலத்தில் ‘கால்குலேட் த வேல்யூ’ என்று எழுதுவதைவிட, அரிசி முந்தைய நாளே எடுக்கப்படும் என்று தமிழில் எழுதுவது எவ்வளவோ மேல். பல மாநிலத்தவர் சேர்ந்து வேலை செய்யும் கம்பெனிக்குப் போனால் அங்கே ஆங்கிலம்.

நடைமுறைக்குச் சில வழிகள்

1. ஃபைலின் தலையில் நாலு வரி எழுதுங்கள்: எதற்கான புரோகிராம், யார் எழுதியது, எந்தத் தேதி, எப்படி ஓட்டுவது.

2. ஒவ்வொரு ஃபங்ஷனுக்கு மேலேயும் என்ன வாங்குகிறது, என்ன திருப்பித் தருகிறது, எந்த அலகில் என்று எழுதுங்கள். ரூபாயா பைசாவா, டிகிரியா ரேடியனா என்பது எண்ணைப் பார்த்தால் தெரியாது.

3. எண் நேரடியாக வந்தால் அது எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். விதியா, டேட்டா ஷீட்டா, சோதித்துப் பார்த்துக் கிடைத்ததா?

4. நல்ல பெயர் பாதிக் கமெண்டை மிச்சப்படுத்தும். வேரியபிளுக்கு ‘எக்ஸ்’ என்று பெயர் வைத்து ‘இது விடுப்பு நாள்’ என்று கமெண்ட் எழுதுவதைவிட, பெயரையே ‘விடுப்பு நாள்’ என்ற பொருளில் வையுங்கள்.

5. புரோகிராம் எழுதும் முன் வழிமுறையைக் கமெண்டாகவே வரிசையாக எழுதிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே கட்டளைகளை நிரப்புங்கள். பிறகு, கட்டளையையே திருப்பிச் சொல்லும் கமெண்டுகளை அழித்துவிடுங்கள்.

6. முயன்று பார்த்துத் தோற்ற வழி இருந்தால் அதையும் ஒரு வரி எழுதுங்கள். ‘இப்படிச் செய்து பார்த்தோம், இந்தக் காரணத்தால் சரிவரவில்லை’ என்பது அடுத்தவரின் ஒரு வாரத்தை மிச்சப்படுத்தும்.

இன்று கணிப்பொறியே புரோகிராம் எழுதித் தருகிறது, வரிக்கு வரி கமெண்டும் போட்டுத் தருகிறது என்று சிலர் சொல்லலாம். வாஸ்தவம்தான். அந்தக் கமெண்டுகளைப் படித்துப் பாருங்கள். கட்டளை என்ன செய்கிறது என்பதை நன்றாகவே சொல்லும். நம் மெஸ்ஸில் அரிசி எப்போது எடுக்கிறார்கள் என்பது, நாம் சொல்லாத வரை, அதற்குத் தெரியாது. அண்ணாச்சியிடம் போய்க் கேட்பதும், கேட்டதை எழுதி வைப்பதும் நம் வேலைதான்.

வைவாவுக்கும் இது உதவும். வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர் “இந்த வரி ஏன்?” என்றுதான் கேட்பார். காரணத்தை எழுதிப் பழகியவனுக்கு அந்தக் கேள்வி புதிதாக இருக்காது.

நண்பர்களே, இந்த வருடம் நாம் கல்லூரியை விட்டுப் போகிறோம். நாம் எழுதிய புரோகிராம்கள் லேப் கணிப்பொறிகளில் இருக்கும். அடுத்த பேட்ச் தம்பிகளும் தங்கைகளும் அவற்றைத் திறப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து விளக்க நாம் இருக்க மாட்டோம். எனவே புராஜெக்டை ஒப்படைக்கும் முன் ஒரே ஒரு மதியம் ஒதுக்குங்கள். புரோகிராமை முதல் வரியிலிருந்து, உங்களுக்கு அதைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்ற நினைப்போடு படியுங்கள். எந்த வரியில் ‘இது ஏன்?’ என்று கேட்கத் தோன்றுகிறதோ, அந்த வரிக்கு மேல் பதிலை எழுதிவிட்டு எழுந்திருங்கள்.

— மூன்றாம் ஆண்டு, கணிப்பொறிப் பொறியியல் பிரிவு